செருப்புத் தைத்தவர் செய்த கோல்ஃப் மட்டை

(ஒலி வடிவத்திலிருந்து படிப்பதற்காகத் தொகுக்கப்பட்டது)

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு இரும்புத் துண்டைப் பத்தி. கோல்ஃப் விளையாடறவங்க அதை அயர்ன்னு சொல்வாங்க. "கோல்ஃபா? அது நமக்கு எதுக்கு?"ன்னு உடனே நிறுத்திடாதீங்க. இந்தக் கதையில் விளையாட்டு பாதிதான். மீதிப் பாதி ஒரு சண்டை. திறமை குறைவானவனுக்கு உதவி செய்யற மாதிரி ஒரு கருவியைச் செஞ்சா அது நியாயமா, அதை முடிவு பண்ண வேண்டியது யார், அப்படிங்கிற சண்டை. அமெரிக்காவில் இது நீதிமன்றம் வரைக்கும் போனது. 10 கோடி டாலர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டவர், இளமையில் செருப்புத் தைத்துப் பிழைத்தவர்.

முதல்ல கொஞ்சம் அடிப்படை. கோல்ஃப் ஆடறவர் பையில் 14 மட்டைகள் வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். இந்தக் கணக்கை அமெரிக்க கோல்ஃப் சங்கம், அதாவது யு.எஸ்.ஜி.ஏ., 1938-இல் கொண்டுவந்தது. தூரமா அடிக்கப் பெரிய தலை வைத்த டிரைவர் இருக்கும். குழிக்குப் பக்கத்தில் வந்த பந்தை உருட்ட புட்டர் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வேலைகளை எல்லாம் செய்வது அயர்ன்கள். அவற்றுக்கு எண் உண்டு. எண் கூடக் கூட தண்டு குட்டையாகும், முகப்பு அதிகமாகச் சாயும், பந்து உயரமாப் போய் பக்கத்தில் விழும். அந்தச் சாய்வுக்கு லாஃப்ட் என்று பெயர். எண் வருவதற்கு முன்னால் ஒவ்வொரு மட்டைக்கும் ஸ்காட்லாந்துப் பெயர்கள் இருந்தன. கிளீக், மாஷி, நிப்ளிக் என்று கேட்கவே வேடிக்கையா இருக்கும்.

இன்னொரு பெயர் விஷயத்தையும் கவனிங்க. மட்டைத் தலையின் அடிப்பாகம் சோல். தண்டுக்குப் பக்கத்து முனை ஹீல். எதிர் முனை டோ. மூன்றும் காலிலிருந்தும் செருப்பிலிருந்தும் வந்த சொற்கள். நம்ம கதாநாயகருக்கு இந்தச் சொற்கள் எல்லாம் கோல்ஃபுக்கு முன்னாடியே பழக்கம். அவரிடம் போவதற்கு முன்னால் அந்தக் காலத்து அயர்ன் எப்படி இருந்தது என்று பார்த்துடலாம்.

பிளேடு

1960-கள் வரைக்கும் அயர்ன் என்றாலே அடித்து உருவாக்கிய எஃகுதான். கத்தி மாதிரி ஒல்லியா, பின்பக்கம் வழவழன்னு, நடுவில் கொஞ்சம் தடிமனா இருக்கும். அதனால்தான் அதற்கு பிளேடு என்று பெயர். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால் எடையில் பெரும்பகுதி நடுவில் குவிந்திருக்கும். அந்த நடுப்புள்ளியில் பந்து பட்டால் கையில் ஒண்ணுமே தெரியாது, வெண்ணெயை வெட்டின மாதிரி இருக்கும் என்பார்கள். அதுதான் ஸ்வீட் ஸ்பாட். அரை அங்குலம் தள்ளிப் பட்டால்? தலை கையிலேயே திருகிக்கொள்ளும். பந்து பக்கவாட்டில் போகும், தூரமும் குறையும். குளிர்காலக் காலையில் என்றால் விரல் எலும்பு வரைக்கும் சுரீர்னு ஏறும்.

1950-இல் மெரியன் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனில் பென் ஹோகன் கடைசிக் குழியில் 1-அயர்னை எடுத்து அடித்த அடி கோல்ஃப் வரலாற்றிலேயே பிரபலமானது. கார் விபத்தில் சாகக் கிடந்து மீண்டு வந்து 16 மாதம்தான் ஆகியிருந்தது. அந்த அடியால் சமநிலை பிடித்து, மறுநாள் பிளேஆஃபில் ஜெயித்தார். அந்த மட்டை அப்போதே காணாமல் போய், பல வருஷம் கழித்துத் திரும்பக் கிடைத்தது. அதன் முகப்பில் தேய்ந்திருந்தது ஒரு நாணயம் அளவு இடம்தான். மற்ற இடமெல்லாம் அப்படியே இருந்தது. அதாவது இந்த மனுஷன் அடித்த ஒவ்வொரு பந்தும் அந்தக் காசளவு வட்டத்துக்குள்தான் பட்டிருக்கு!

பிளேடு என்பது அந்தக் காசளவு வட்டத்தில் தினமும் அடிக்கத் தெரிந்தவனுக்கான கருவி. ஆனால் கடையில் அதை வாங்கியவர் யார்? ஞாயித்துக்கிழமை மட்டும் ஆட வர்ற பல் டாக்டர், பேங்க் மேனேஜர், பள்ளிக்கூட வாத்தியார். இவர்கள் மட்டைகளின் முகப்பு முழுக்க அம்மைத் தழும்பு மாதிரி அடி விழுந்திருக்கும். லீ ட்ரெவினோ என்ற பெரிய ஆட்டக்காரர் சொன்னதாக ஒரு ஜோக் உண்டு. இடி மின்னலில் மாட்டிக்கொண்டால் 1-அயர்னைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளணுமாம், கடவுளாலேயே 1-அயர்னைச் சரியா அடிக்க முடியாதாம்.

அந்தக் காலத்து மனநிலை என்னன்னா, மட்டை மேல தப்பே கிடையாது. தப்பு உன் மேல. போய்ப் பயிற்சி எடு. இதில் கொஞ்சம் உண்மை இருக்கு, மறுக்கலை. ஆனால் வாரத்துக்கு ஒரு நாள் ஆடறவனுக்கு இது புத்திமதி இல்லை, கதவைச் சாத்தறதுதான்.

கார்ஸ்டன் சோல்ஹைம்

1911-இல் நார்வேயின் பெர்கன் நகரத்தில் பிறந்தவர். குழந்தையா இருக்கும்போதே குடும்பம் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்துக்குக் குடியேறியது. அப்பா செருப்புத் தொழிலாளி. கார்ஸ்டன் இன்ஜினியர் ஆகணும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். பொருளாதார மந்தம் வந்தது, பணம் இல்லை, படிப்பு நின்றது. அப்பா தொழிலுக்கே திரும்பினார். பிறகு போர்க்காலத்தில் ஆள் தேவைப்பட்டபோது, விட்ட படிப்பைப் பகுதி பகுதியாகப் பிடித்து, விமானத் தொழிற்சாலையில் நுழைந்தார். ரயன் ஏரோநாட்டிக்கல், கான்வேர், 1953-இல் ஜெனரல் எலக்ட்ரிக்.

ஜெனரல் எலக்ட்ரிக்கில் வேலை செய்தபோதுதான், 42 வயசில், கூட வேலை செய்தவர்கள் இழுத்துப்போய் கோல்ஃப் பழக்கினார்கள். மற்றதெல்லாம் ஓரளவு வந்தது. புட்டிங் வரலை. குழிக்கு ஆறடி தள்ளி நின்று உருட்டினாலும் பந்து எங்கேயோ போகும். நம்ம ஆளாயிருந்தா "கை சரியில்லை"ன்னு நினைச்சிருப்போம். அவர் இன்ஜினியர். புட்டரைக் கையில் எடுத்து, இது ஏன் திருகுது என்று பார்த்தார்.

திருகறதுக்குக் காரணம் எடை இருக்கும் இடம். கழைக்கூத்தாடி கயித்து மேல நடக்கும்போது ஏன் அவ்வளவு நீளக் கழியைப் பிடிச்சிருக்கார்? அந்தக் கழியின் எடை அவரிடமிருந்து தள்ளி, இரண்டு பக்கமும் விரிந்து கிடக்கு. அதனால் அதைச் சுழற்றுவது கஷ்டம். அதே எடையை உருண்டையாக்கிக் கையில் கொடுத்தால் ஒரு பிரயோஜனமும் இல்லை. இயற்பியலில் இதை நிலைமத் திருப்புத்திறன் என்று படிச்சிருப்பீங்க. இதில் முக்கியமான கணக்கு, எடையை நடுவிலிருந்து இரண்டு மடங்கு தள்ளி வைத்தால் திருகலை எதிர்க்கும் சக்தி நாலு மடங்காகும். மட்டையின் எடையை நடுவிலிருந்து எடுத்து ஹீலுக்கும் டோவுக்கும் கொண்டுபோனால், ஓரத்தில் பட்ட பந்துக்கும் தலை அவ்வளவாத் திருகாது.

ஐஸ்கிரீம் குச்சிகளையும் இரண்டு சர்க்கரைக் கட்டிகளையும் ஒட்டித்தான் முதல் மாதிரியைச் செய்து பார்த்தார் என்று சொல்வார்கள். 1959-இல் கலிஃபோர்னியாவின் ரெட்வுட் சிட்டியில், வீட்டுக் கராஜில், முதல் புட்டர் தயாரானது. பந்தில் பட்டதும் இசைக்கவை மாதிரி "பிங்"னு ஒரு சத்தம். அதையே பெயரா வெச்சார். இன்னைக்கும் அந்தக் கம்பெனிக்குப் பெயர் பிங்தான், இன்னைக்கும் அந்தக் குடும்பத்துக்கையில்தான் இருக்கு.

கம்பெனி வேலையையும் விடாமல், மனைவி லூயிஸ் கணக்கு வழக்கைப் பார்த்துக்கொள்ள, பிள்ளைகள் கராஜில் ஒத்தாசை செய்ய, பல வருஷம் இதைப் பக்கத் தொழிலாத்தான் நடத்தினார். 1966-இல் ஒரு பழைய இசைத்தட்டு உறையின் மேல் வரைந்த வடிவம் அன்சர் புட்டர் ஆனது. ஆங்கிலத்தில் பதில் என்று பொருள்படும் சொல். மட்டையில் இடம் போதாததால் ஒரு எழுத்தை விட்டுடலாம் என்று யோசனை சொன்னது லூயிஸ். 1967-இல் ஜூலியஸ் போரோஸ் அந்தப் புட்டரை வைத்து ஃபீனிக்ஸ் ஓப்பனில் ஜெயித்தார். அதே வருஷம் சோல்ஹைம் வேலையை ராஜினாமா செய்தார். வயசு 55. நல்ல சம்பளம், பென்ஷன் வர்ற உத்தியோகம். அந்த வயசுல அதை விட்டுட்டு, பார்க்கறவங்க சிரிக்கிற மாதிரி இருந்த மட்டைகளை நம்பி இறங்கினார்.

அயர்னில் குழி

புட்டரில் சரியா வந்தது அயர்னிலும் வரணுமே? 1961-லேயே அயர்ன்களின் முதுகைக் குடைந்து பார்த்திருந்தார். ஆனால் அடித்துச் செய்த எஃகில் குடையறது ஒவ்வொண்ணா செய்யற வேலை, கட்டுப்படியாகாது. முழுசா எடையை ஓரங்களுக்குத் தள்ளணும்னா தலையின் பின்பக்கத்தில் பெரிய பள்ளம் வேணும், சுத்தி வரப்பு மாதிரி விளிம்பு வேணும். அந்த வடிவத்தைச் சுத்தியலால் அடித்து எடுப்பது லேசில்லை.

இதற்கு விடை மெழுகு வார்ப்பு. ஆமா, நம்ம சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலை வார்க்கிற அதே அடிப்படைதான். அங்கே மெழுகில் உருவம் செய்து, வண்டல் மண் பூசி, சூடாக்கி மெழுகை உருக்கி வெளியே விட்டு, அந்த இடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். இங்கே மண்ணுக்குப் பதில் பீங்கான் குழம்பு, பஞ்சலோகத்துக்குப் பதில் துருப்பிடிக்காத எஃகு. ஸ்தபதி ஒரு சிலைக்கு ஒரு மெழுகு செய்வார், தொழிற்சாலையில் ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் மெழுகு எடுப்பார்கள், வித்தியாசம் அதுதான். எந்த வளைவையும் பள்ளத்தையும் இந்த முறையில் கொண்டுவரலாம்.

1969-இல் கார்ஸ்டன் 1 அயர்ன்கள் வந்தன. அதே வருஷம் ஜார்ஜ் ஆர்ச்சர் பிங் புட்டர் வைத்து மாஸ்டர்ஸ் ஜெயித்ததால் பெயரும் பரவியிருந்தது. அயர்னின் முதுகில் பள்ளம், அடிப்பாகம் அகலம். எடை கீழே இறங்கியதால் பந்து சுலபமா மேலே எழும்பும். அகலமான சோல், தரையில் ஆழமாப் புதையாது. முகப்பைத் தண்டுக்குச் சற்றுப் பின்னால் தள்ளி வைக்கும் ஆஃப்செட் என்ற அமைப்பால், முகப்பு நேராகத் திரும்ப நேரம் கிடைக்கும், பந்து வலது பக்கம் வளைந்து ஓடுவது குறையும். இன்னைக்கு "கேம் இம்ப்ரூவ்மென்ட்"னு கடையில் விற்கிற அயர்ன் எதை எடுத்தாலும், இந்த நாலு விஷயம்தான் அதோட எலும்புக்கூடு.

அழகு? சுத்தமா இல்லை. பிளேடு பக்கத்தில் வெச்சா வீணைக்குப் பக்கத்தில் வாணலி வெச்ச மாதிரி இருக்கும். "கையில் பட்ட உணர்வே தெரியலை"ன்னு பழைய ஆட்டக்காரர்கள் குறை சொன்னார்கள். அதிலும் நியாயம் உண்டு. எங்கே பட்டது என்று கை சொன்னால்தான் திருத்திக்கொள்ள முடியும், இந்த மட்டை தப்பை மறைக்குது என்பது அவர்கள் வாதம். அதுக்கு என் பதில்: தப்பைத் திருத்திக்கொள்ள தினமும் 500 பந்து அடிக்கிறவனுக்கு அந்தச் சேதி தேவை. மத்தவங்களுக்குப் பந்து கிரீன் பக்கத்தில் போய் விழுந்தா போதும், அடுத்த ஞாயிறும் ஆட வருவாங்க.

இன்னொன்றும் செய்தார், என் பார்வையில் இது பள்ளத்தை விடப் பெரிய காரியம். 1972-இல் கலர் கோடு முறையைக் கொண்டுவந்தார். மட்டையைத் தரையில் வைக்கும்போது தண்டு எவ்வளவு நிமிர்ந்து நிற்கணும் என்பது ஆளின் உயரத்தையும், கை எவ்வளவு தொங்குது என்பதையும் பொறுத்தது. இரண்டையும் அளந்து, அதற்கேற்ற மட்டையில் ஒரு வண்ணப் புள்ளி வைப்பார்கள். கருப்பு என்றால் சராசரி அளவு. சிவப்பு என்றால் கொஞ்சம் படுத்தது. நீலம், பச்சை என்றால் நிமிர்ந்தது. அதுவரைக்கும் எல்லாருக்கும் ஒரே அளவு மட்டைதான், நீதான் வளைஞ்சு நிக்கணும். ஒருத்தர் கால் மாதிரி இன்னொருத்தர் கால் இருக்காது என்பது செருப்புக் கடையில் முதல் நாளே தெரிஞ்சிடும் பாடம். விமானத் தொழிற்சாலை அவருக்குக் கணக்கைக் கொடுத்தது. இந்த யோசனையை அந்தத் தோல் வாசனைதான் கொடுத்திருக்கும்னு நான் நினைக்கிறேன்.

முடி அகலத்துச் சண்டை

1982-இல் பிங் ஐ 2 வந்தது. பள்ளத்தின் நடுவில் கண் மாதிரி ஒரு வடிவம், அதனால் அந்தப் பெயர். அயர்ன் வரலாற்றிலேயே மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. அமெச்சூர்கள் வாங்கினார்கள், பிறகு தொழில்முறை ஆட்டக்காரர்களும் எடுத்தார்கள். சிக்கல் ஆரம்பித்தது அங்கேதான்.

வேடிக்கை என்னன்னா, சண்டை பள்ளத்தைப் பத்தியே இல்லை. முகப்பில் இருக்கும் கோடுகளைப் பத்தி. அந்தக் கோடுகளை குரூவ் என்பார்கள். டயரில் இருக்கும் பட்டை மாதிரிதான், புல்லும் ஈரமும் பந்துக்கும் முகப்புக்கும் நடுவில் மாட்டும்போது அதை வாங்கிக்கொள்ளும். அப்போதான் பந்து பின்பக்கமாகச் சுழலும், விழுந்த இடத்தில் நிற்கும். இந்தச் சண்டை புதுசும் இல்லை. 1921-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் ஜாக் ஹட்சிசன் ஆழமான வெட்டுகள் கொண்ட மட்டைகளை வைத்து பிரிட்டிஷ் ஓப்பன் ஜெயித்தார், அந்த மாதிரி மட்டைகள் சீக்கிரமே தடையாகின.

பழைய மட்டைகளில் குரூவ் வி வடிவத்தில் இருக்கும். வார்ப்பு மட்டைகளில் அந்தக் கூர்மையான வடிவம் சரியா வராது என்பதால் 1984-இல் யு.எஸ்.ஜி.ஏ. யு வடிவத்தையும் அனுமதித்தது. யு வடிவக் கோட்டின் விளிம்பு கூர்மையாக இருந்ததால், அந்தக் காலத்து மென்மையான பந்துகளின் தோலைச் சீவியது. ஆட்டக்காரர்கள் புகார் சொல்ல, சோல்ஹைம் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கினார். பிரச்சினை தீர்ந்தது என்று பார்த்தால், புதுப் பிரச்சினை. கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் இவ்வளவு இடைவெளி வேணும் என்று விதி. மழுங்கின விளிம்பில் கோடு எங்கே ஆரம்பிக்குது? வளைவு தொடங்கும் இடத்திலா, உள்ளே நேராக இறங்கும் இடத்திலா? யு.எஸ்.ஜி.ஏ. அளந்த முறைப்படி இடைவெளி போதாது, சோல்ஹைம் அளந்த முறைப்படி சரி. இரண்டுக்கும் வித்தியாசம் தலைமுடி தடிமனில் பேச வேண்டிய அளவு.

இதற்கு நடுவில் 1987 ஹோண்டா கிளாசிக்கில் மார்க் கால்கவெக்கியா நீளமான புல்லுக்குள் இருந்து 8-அயர்னில் அடித்த பந்து, கிரீனில் விழுந்து நின்றே விட்டது. புல்லுக்குள்ளிருந்து வர்ற பந்து சுழற்சி இல்லாமல் உருண்டு ஓடணும், அதுதான் தப்பா அடிச்சதுக்குத் தண்டனை. அவர் கையில் இருந்தது ஐ 2. போட்டியிலும் ஜெயித்தார். பெரிய ஆட்டக்காரர்கள் பலர் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். ஃபேர்வேயில் நேரா அடிக்கிற திறமைக்கு அப்புறம் என்ன மதிப்பு?

யு.எஸ்.ஜி.ஏ. ஐ 2-ஐ விதிக்குப் பொருந்தாது என்று அறிவித்தது. லட்சக்கணக்கான மட்டைகள் ஏற்கெனவே மக்கள் பைகளில் இருந்தன. சாதாரண ஆட்டக்காரன் ஆசையாகப் பணம் கொடுத்து வாங்கின செட், ஒரு அறிக்கையில் கள்ளநோட்டு மாதிரி ஆகிவிடும். 1989-இல் சோல்ஹைம் 10 கோடி டாலர் வழக்குப் போட்டார். தொழில்முறைப் போட்டிகளை நடத்தும் பி.ஜி.ஏ. டூர் இன்னும் ஒரு படி மேலே போய், யு குரூவ் எதுவுமே 1990 முதல் கூடாது என்றது. அதன் மீதும் வழக்கு. ஃபீனிக்ஸ் கூட்டாட்சி நீதிமன்றம் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது.

விளையாட்டு அமைப்புக்குத் தன் விதியைத் தானே எழுதும் உரிமை இருக்கணும், கோர்ட்டு வந்து குரூவ் அளக்கக் கூடாது. இதை நான் ஒத்துக்கிறேன். ஆனால் அளக்கும் முறையைத் தெளிவாச் சொல்லாமல், மட்டை விற்ற பிறகு முறையை இறுக்கினால், செய்தவனும் வாங்கினவனும் என்ன செய்வான்? எழுபத்தெட்டு வயசுக்காரர் கம்பெனியையே பணயம் வெச்சு நின்னது பிடிவாதம்னு சிலர் சொன்னாங்க. பிடிவாதம்தான். அவருக்கு வேற வழி விடலையே.

1990 ஜனவரியில் யு.எஸ்.ஜி.ஏ.வுடன் சமரசம். இனிமேல் செய்யும் மட்டைகளில் கோட்டு இடைவெளியை மாற்றுவதாக பிங் ஒத்துக்கொண்டது. 1990 ஏப்ரல் 1-க்கு முன் செய்த ஐ 2 மட்டைகள் எல்லாம் செல்லும் என்று யு.எஸ்.ஜி.ஏ. ஒத்துக்கொண்டது. பி.ஜி.ஏ. டூருடன் சமரசம் 1993-இல்தான் வந்தது, தடை போனது.

இதுக்கு ஒரு வால் இருக்கு. 2010-இல் உலகம் முழுக்கப் புது குரூவ் விதி வந்தது. 25 டிகிரியும் அதற்கு மேலும் சாய்வு உள்ள மட்டைகளில் குரூவின் கொள்ளளவையும் விளிம்புக் கூர்மையையும் குறைத்தார்கள். அந்த ஜனவரியில் டோரி பைன்ஸ் மைதானத்துக்கு ஃபில் மிக்கல்சன் ஒரு மட்டையோடு வந்தார். 20 வருஷம் பழைய பிங் ஐ 2 வெட்ஜ்! புது விதிப்படி தப்பு. ஆனால் 1990 சமரசப்படி சரி. சக ஆட்டக்காரர் ஸ்காட் மெக்கேரன் அதை ஏமாற்றுவேலை என்றே சொல்லிவிட்டு, பிறகு மன்னிப்புக் கேட்டார். கார்ஸ்டன் 2000-இலேயே காலமாகிவிட்டார். மகன் ஜான் சோல்ஹைம் 2010 மார்ச்சில், டூர் போட்டிகள் வரைக்கும் அந்தச் சலுகையை விட்டுக்கொடுத்தார். பொதுமக்கள் கையில் இருந்த பழைய மட்டைகளுக்கு ஒரு பாதகமும் இல்லை.

இப்போ கொஞ்சம் யோசிங்க. வருஷக்கணக்கா வக்கீல்கள் சண்டை போட்ட குரூவ், சாதாரண ஆட்டக்காரனுக்குப் பெரிசா எந்த உதவியும் செய்வதில்லை. நீளப் புல்லுக்குள் இருந்து அவ்வளவு வேகமா, அவ்வளவு சுத்தமா அடிக்க அவனுக்கு முதல்ல வரணும். அவனுக்கு உண்மையிலேயே உதவின முதுகுப் பள்ளத்தை யாரும் தடுக்கலை. கோர்ட்டுக்குப் போகாமலே அது ஜெயிச்சுடுச்சு. இன்னைக்குத் தொழில்முறை ஆட்டக்காரர்களிலேயே நிறையப் பேர் ஏதோ ஒரு வகைப் பள்ளம் வெச்ச அயர்னைத்தான் வெச்சிருக்காங்க.

வாங்கப் போறவங்களுக்கு

கோடைக்கானலில் 1895-லேயே கோல்ஃப் கிளப் தொடங்கினார்கள், ஊட்டியிலும் மைதானம் இருக்கு. கேட்கறவங்களில் சிலர் நிஜமாகவே ஆடறவங்களா இருக்கலாம். அவங்களுக்காக, இந்த வரலாற்றிலிருந்து வர்ற சில நடைமுறை விஷயம்.

கடையில் புது 7-அயர்னை அடிச்சுப் பார்த்ததும் பழசை விட ரொம்ப தூரம் போகும். விற்பவர் புன்னகை செய்வார். மட்டைத் தலையைத் திருப்பி லாஃப்ட் எவ்வளவு என்று கேளுங்க. பழைய பிளேடு காலத்தில் 7-அயர்ன் 36, 38 டிகிரி அளவில் இருந்தது. இன்றைய கேம் இம்ப்ரூவ்மென்ட் 7-அயர்ன் பல 28, 30 டிகிரி. அதாவது பழைய 5-அயர்ன் மேல 7-னு எழுதியிருக்கு. இதை வெறும் ஏமாத்துன்னு சொல்லிட முடியாது. எடை கீழே இறங்கினதால் பந்து ஏற்கெனவே உயரமாப் போகுது, சாய்வைக் குறைக்க இடம் இருக்கு. ஆனால் விளம்பரத்துக்கும் அது வசதியா அமைஞ்சது. அதனால் உங்களுக்கு வர்ற தொல்லை வேறு இடத்தில். செட்டோட வர்ற பிட்சிங் வெட்ஜ் 43, 44 டிகிரியில் இருக்கும். மணல் குழிக்கு வைக்கிற வெட்ஜ் 56. நடுவில் 12 டிகிரி ஓட்டை. அங்கே ஒரு வெட்ஜ் தனியா வாங்கணும், அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க.

3, 4 அயர்ன்கள் இல்லாத செட்டா? கவலைப்படாதீங்க. அந்த இடத்துக்கு ஹைப்ரிட் வந்துவிட்டது, நல்லதுதான். முட்டி வலிக்கிற வயசுன்னா கிராஃபைட் தண்டு எடுங்க, மானக்கேடு ஒண்ணும் இல்லை. பிளேடு வெச்சிருக்கிற நண்பர் ஏதாவது சொல்வார். அவர் மட்டையோட முகப்புத் தேய்மானம் காசளவு இருக்கான்னு மட்டும் பார்த்துக்குங்க.

பழைய ஐ 2 செட் எங்கேயாவது கைமாற்று விலைக்குக் கிடைத்தால் தாராளமா யோசிக்கலாம், வார்ப்பு எஃகு லேசில் போகாது. ஆனால் தலையில் இருக்கும் வண்ணப் புள்ளியைப் பாருங்க, அது முதல் சொந்தக்காரரோட உயரத்துக்குப் போட்டது. உங்களுக்குப் பொருந்துதான்னு பார்க்க வழி சுலபம். சோலில் ஒரு டேப் ஒட்டி, கடினமான பலகை மேலிருந்து நாலு பந்து அடிங்க. தேய்மானம் நடுவில் இருந்தால் சரி. ஹீல் பக்கம் இருந்தால் மட்டை உங்களுக்கு அதிகமா நிமிர்ந்திருக்கு, வலதுகைக்காரர்னா பந்து இடப்பக்கம் போகும். டோ பக்கம் இருந்தால் அதிகமாப் படுத்திருக்கு, பந்து வலப்பக்கம் போகும். இரண்டாவது கேஸ்ல, கருப்புப் புள்ளி செட்டை வெச்சுட்டு நீலப் புள்ளியைத் தேடுங்க.